பல் பிடுங்கும் குறடும் மீன் தூண்டிலும்

அமெரிக்க மேற்குப் பகுதியின் பாலைவனங்களையும் செம்பாறைப் பள்ளத்தாக்குகளையும் உலகெங்கும் உள்ள வாசகர்களின் மனத்தில் பதிய வைத்த நாவலாசிரியர் ஜேன் கிரே (1872–1939), எழுத்தாளராவதற்கு முன் முறையாகப் பயின்று தொழில் நடத்திய பல் மருத்துவர் என்பது அவர் நூல்களை விரும்பிப் படித்தவர்களிலும் பலர் அறியாத செய்தி. அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் பல் மருத்துவத்தை அவர் தப்பி வந்த சிறையாகவே காட்டிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றன. அவருடைய வாழ்க்கையைச் சற்று ஊன்றிப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது: ஆற்றிலும் மலையிலும் கடலிலும் அவர் கழித்த நாள்களுக்கெல்லாம், ஓரிடத்தில் நின்றோ அமர்ந்தோ யாரோ ஒருவர் செய்துவந்த உழைப்பே படியளந்தது.

ஒஹாயோ மாநிலத்தின் ஜேன்ஸ்வில் என்னும் ஊர், கிரேயின் தாய்வழி முன்னோரான எபனேசர் ஜேன் நிறுவியது. ஊரின் பெயரும் கொள்ளுப்பேரனின் பெயரும் அவரிடமிருந்தே வந்தன. தந்தை அவ்வூரின் பல் மருத்துவர், கண்டிப்பு மிக்கவர். மகன் 15 வயதில் எழுதிய முதல் கதையைக் கிழித்தெறிந்து அவனை அடித்தவர். முதலீடு ஒன்றில் பணத்தை இழந்து குடும்பம் கொலம்பஸ் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, தந்தையிடம் கைவேலையாகக் கற்றதைக் கொண்டு மகன் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சென்று பல் பிடுங்கிக் குடும்பத்திற்குப் பொருளீட்டினான். பல் மருத்துவம் அதுவரை பெரும்பாலும் குருவிடம் இருந்து பழகும் தொழிலாகவே இருந்து, உரிமம் பெற்றவர் மட்டுமே அதைச் செய்யலாம் என்ற சட்டங்கள் மாநிலம் மாநிலமாக இறுகிவந்த காலம் அது. எனவே அதிகாரிகள் குறுக்கிட்டதும் அந்தக் கிராமச் சுற்றுகள் நின்றன.

அன்றைய பல் மருத்துவரின் வேலை எத்தகையது என்பதை அறியாமல் இவ்வாழ்க்கையைப் புரிந்துகொள்வது கடினம். 1871இல் காப்புரிமை பெற்ற துளைக்கருவி, தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து இயக்கப்பட்டது. மருத்துவர் ஒற்றைக் காலில் உடலைத் தாங்கி, மறு காலால் மிதித்தபடியே, கை நடுங்காமல் சொத்தையைக் குடைய வேண்டியிருந்தது. குடைந்த குழியில் தங்கத் தகட்டைத் துணுக்குத் துணுக்காக வைத்துத் தட்டி இறுக்குவது பொறுமையைச் சோதிக்கும் பணி. பல்லைப் பிடுங்குவதோ, பலரும் நினைப்பதுபோல வெறும் இழுப்பு அன்று: குறட்டின் இரு அலகுகளையும் ஈறுக்கு அடியில் செலுத்தி, பல் கழுத்துக்குக் கீழே வேர்ப்பக்கமாக இறுகப் பற்றி, கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமுமாக மெல்ல அசைத்து, பல்லைத் தாங்கும் எலும்புக்குழி சற்று விரிந்து கொடுத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். 1884 முதல் கொக்கெயின் மரப்பு மருந்தாகப் பயன்படத் தொடங்கியிருந்தாலும், அதைவிடப் பாதுகாப்பான நோவொகெயின் 1905இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நோயாளியின் வேதனையைக் குறைப்பதில் மருத்துவரின் மணிக்கட்டு வலிமைக்கும் வேகத்துக்கும் பங்கு இருந்தது.

அந்த மணிக்கட்டு கிரேயிடம் இருந்தது. அதற்கு வேறொரு பயனும் இருந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் காற்றிலேயே வளைந்து செல்லும் பந்தை எறிவதில் அவர் தேர்ந்தவர் என்பதால், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்து அவரைப் பல் மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் 50 அடியாக இருந்த பந்தெறி தூரம் 1893இல் 60 அடி 6 அங்குலமாக நீட்டப்பட்டதால் அவருடைய வளைபந்து கூர்மை இழந்தது. வெளிக்களத்தில் நின்று ஆடியபடி 1896இல் அவர் பட்டம் பெற்றார்.

நியூயார்க் நகரில் பல் மருத்துவமனை நடத்திய ஆண்டுகளில் அவர் மனம் நகரில் ஒட்டவில்லை. வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் சகோதரருடன் ரயிலேறி, டெலவேர் ஆறும் லாக்கவாக்சன் ஆறும் கூடும் லாக்கவாக்சன் என்னும் சிற்றூருக்குச் சென்று, துடுப்புப் படகு செலுத்துவதிலும் பாஸ் மீன் பிடிப்பதிலும் பொழுதைக் கழித்தார். 1900இல் டாலி என்று அழைக்கப்பட்ட லீனா ராத் அவருக்கு அறிமுகமானதும் அங்கேதான். டெலவேர் ஆற்றில் கழித்த ஒரு நாளைப் பற்றிய அவரது கட்டுரை 1902இல் அச்சேறியது. குல முன்னோரான வீரப்பெண் ஒருத்தியைப் பற்றிய ‘பெட்டி ஜேன்’ என்னும் முதல் நாவல், பதிப்பகங்கள் மறுத்துவிட்டதால், 1903இல் சொந்த முயற்சியில் வெளிவந்தது. 1905இல் டாலியை மணந்ததும் தொழிலைக் கைவிட்டு அவர் லாக்கவாக்சனிலேயே குடியேறினார்.

குறடு கீழே வைக்கப்பட்டபின் அடுப்பு எரிந்தது டாலியின் பரம்பரைச் சொத்தால். கணவரின் கையெழுத்துப் படிகளைப் பிழைதிருத்திச் செம்மைப்படுத்தியவரும், பின்னாளில் பதிப்பகங்களுடன் பேசிக் கணக்கு வழக்கு பார்த்தவரும் அவரே. காட்டெருமைகளை அழிவிலிருந்து காக்க முயன்ற எருமை ஜோன்ஸ் என்பவருடன் 1907இல் கிரே அரிசோனாவுக்குச் சென்றபோது அச்செலவையும் டாலியின் பணமே தாங்கியது. கிராண்ட் கேன்யனின் வடகரைக் காடுகளில், அமெரிக்க மலைச்சிங்கமான பூமாவைக் கொல்லாமல் கயிற்றுச் சுருக்கு வீசி உயிருடன் பிடிக்கும் அந்தப் பயணமே அவருக்கு எழுத வேண்டிய நிலத்தைக் காட்டியது. அந்த அனுபவத்தை அவர் நூலாக்கிக் கொண்டுபோனபோது, இவருக்குக் கதை சொல்லவே வராது என்ற பொருள்படப் பேசித் திருப்பியனுப்பிய ஹார்ப்பர் நிறுவனமே, 1910இல் அவரது முதல் பாலைவன நாவலையும் 1912இல் பெரும் வெற்றி கண்ட ‘ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்’ நாவலையும் வெளியிட்டது.

புத்தகப் பணமும் திரைப்பட உரிமைப் பணமும் குவிந்தபின் அவருடைய பயணங்கள் கடலுக்குத் திரும்பின. 1924இல் மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல் ஒன்றை வாங்கி ‘ஃபிஷர்மேன்’ எனப் பெயரிட்டார். நியூசிலாந்தின் தீவு விரிகுடாவில் கூடாரமடித்துத் தங்கி ஆழ்கடல் தூண்டில் மீன்பிடிப்பை உலகறியச் செய்தார். 1930இல் தஹிட்டி அருகே, தமிழகக் கரையில் மயில்மீன் எனப்படும் மீனின் உறவினமான மார்லின் ஒன்றை, 1,040 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 470 கிலோ எடையில், வலையின்றித் தூண்டில் கோலும் நூலுருளையும் கொண்டே கரைசேர்த்தார். இயற்கை அழிவதைக் கண்டு உள்ளபடியே வருந்தி எழுதிய ஒருவர், இத்தனை பெரிய உயிர்களைச் சாதனைக்காகக் கொன்றது இன்றைய வாசகருக்கு உறுத்தவே செய்யும், உறுத்துவது நியாயமும்கூட. அப்பயணங்களில் மனைவியல்லாத பெண்கள் உடன் சென்றதும், அது டாலிக்குத் தெரிந்தே இருந்ததும் மறைக்கத் தக்கவை அல்ல. மறுபுறம், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் பயணம் செய்து அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு, மதப்பணியாளர்களைச் சாடி 1922இல் தொடராக எழுதிய ‘த வானிஷிங் அமெரிக்கன்’ கதைக்காக அவர் கடும் எதிர்ப்பையும் சந்தித்தார். பழங்குடி நாயகனுக்கும் வெள்ளைப் பெண்ணுக்கும் மணமாகும் முடிவு, 1925இல் புத்தகமானபோது நாயகனின் மரணமாக மாற்றப்பட்டது.

1939 அக்டோபர் 23 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டடீனாவில் கிரே காலமானார். அச்சேறாத கையெழுத்துப் படிகள் ஏராளமாக இருந்ததால், அவர் பெயரில் புதிய நாவல்கள் 1960கள் வரை வெளிவந்துகொண்டே இருந்தன; 1957இல் தாம் இறக்கும்வரை அந்தப் படிகளைக் காத்து, பதிப்பகத்தாருடன் கடிதப் போக்குவரத்து நடத்தியவர் டாலி.