விமானியின் வரிசை எண்

வானத்தே விமானம் ஒன்று முழங்கிச் செல்லுங்கால், வகுப்பில் இருப்பினும் சன்னல் வழியே அண்ணாந்து நோக்குதல் மாணாக்கர் இயல்பு. அதனைச் செலுத்துவோர் வாழ்வு எத்துணை இனிதென்று எண்ணுதலும் இயல்பே. ஆயின் அவ்விமானியின் உள்ளத்தே மேகத்தினும் அடர்ந்த ஐயம் ஒன்று பல்லாண்டுகளாகக் குடிகொண்டிருத்தல் கூடும். இருக்கும் கம்பெனியிலேயே இருந்துவிடுவதா, வேறொன்றிற்குச் சென்று சேர்வதா என்பதே அது. மிகுந்த ஊதியம் கிடைக்கும் இடத்தை நாடுதல் உலக வழக்கன்றோ, இதில் ஐயத்திற்கு இடமேது என்று அன்பர்கள் வினவலாம். யாமும் முதலில் அவ்வாறே வினவினோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தொழில் நடைபெறும் முறையைப் பற்றிப் படித்தறிந்த பின்னரே, அவ்வையத்தின் வேர் பொருளினும் காலத்தில் ஆழ ஊன்றியிருத்தல் புலனாயிற்று.

மருத்துவர் ஒருவர் ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்குச் செல்லின் அவர்தம் பெயரும் உடன் செல்லும். ஆசிரியர் ஒருவர் வேறு கல்லூரிக்கு அழைக்கப்படின், பெரும்பாலும் முன்னைப் பதவிக்குக் குறையாத பதவியிலேயே அமர்வார். அமெரிக்க விமானிக்கோ அவ்வுரிமை இல்லை. இருபது ஆண்டு தலைமை விமானியாக விளங்கியவராயினும், பல்லாயிர மணி நேரம் பறந்து தம் குறிப்பேட்டை நிரப்பியவராயினும், புதுக் கம்பெனியில் சேரும் நாளில் அங்குள்ளார் அனைவர்க்கும் கடையராகவே நிற்றல் வேண்டும். பொதுவாகத் துணை விமானியின் இருக்கையில் அமர்ந்து, முதலாண்டு ஊதியம் பெற்று, ஓராண்டுச் சோதனைக் காலத்தையும் கழித்தல் வேண்டும். அவர்தம் திறமை உடன் வரும், இடம் வாராது.

இதற்குக் காரணம் பணிமூப்புப் பட்டியல் என்பது. ஒவ்வொரு கம்பெனியிலும் விமானிகள், சேர்ந்த நாளின் முறைப்படி வரிசையாக எண்ணிடப்பெறுவர். பெருங் கம்பெனிகளில் இவ்வெண் பதினாயிரத்தையும் கடந்து செல்லும். எவ்வகை விமானத்தைச் செலுத்துவது, தலைமை இருக்கையா துணை இருக்கையா, எந்நகரிலிருந்து பணிக்குப் புறப்படுவது, வருந் திங்களில் எந்நாட்களில் பறப்பது, கிறிஸ்து பிறப்பு நாளில் வீட்டில் இருப்பவர் யாவர் என்பன எல்லாம் இவ்வெண்ணாலேயே முடிவாகும். எல்லோரும் தம் விருப்பத்தைத் தெரிவிப்பர், மேலிருப்பவர் விருப்பம் முதலில் நிறைவேறும், எஞ்சியதே கீழிருப்பவர்க்கு. விருந்தில் கடைசிப் பந்தியில் அமர்ந்து பாயசம் காணாது எழுந்தோர்க்கு இம்முறையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தொழில் நலிந்து ஆட்குறைப்பு நேரின், கடைசியில் சேர்ந்தவரே முதலில் வீட்டிற்கு அனுப்பப்படுவர். மீண்டும் அழைக்குங்கால் கடைசியில் அழைக்கப்படுபவரும் அவரே.

இவ்விதி கொடிதென்று எமக்குத் தோன்றிற்று. பின்னர் அதன் பயனையும் எண்ணிப் பார்த்தோம். விமானத் தொழில் தோன்றிய நாட்களில், புயலென்றும் பனியென்றும் பாராது பறக்குமாறு விமானிகள் நெருக்கப்பட்டனர். மறுத்தவர் வேலையிழக்க அஞ்சினர். 1931-ஆம் ஆண்டில் பெங்கி என்பாரைத் தலைவராகக் கொண்டு அமெரிக்க விமானிகள் சங்கம் எழுந்தது. 1934-இல் அரசாங்கத்தின் தொழிற் குழு அளித்த தீர்ப்பு, திங்களுக்கு 85 மணி நேரத்திற்கு மேல் பறத்தலாகாதென்று வரையறுத்தது. மேலதிகாரியின் முகம் நோக்கி உயர்வு பெறும் நிலை இருப்பின், 'இன்று வானிலை தகாது; பறவேன்' என்று சொல்லத் துணிவார் சிலரே ஆவர். உயர்வு நாட்காட்டியால் வருமாயின் அச் சொல்லைச் சொல்ல அச்சமில்லை. அவ்வெண் விமானிக்கு அரணுமாம், தளையுமாம்.

இனி, ஒருவரைக் கற்பனையில் நிறுத்திக்கொள்வோம். அவர்க்கு வயது 42. சிறியதொரு கம்பெனியில் 14 ஆண்டுகள் பணியாற்றித் தலைமை விமானியாய் இருக்கின்றார். வாரத்தின் இறுதி நாட்களில் வீட்டிலிருக்கும் பேறு இப்பொழுதுதான் அவர்க்கு வாய்த்தது. பெருங் கம்பெனி ஒன்று அழைப்பு விடுக்கின்றது. அங்கே ஊதியம் ஆண்டுதோறும் படிப்படியாக ஏறிப் பெரும்பாலும் 12-ஆம் ஆண்டில் உச்சத்தை எய்தும். பெரிய விமானத்தின் துணை விமானி பெறும் ஊதியம் சிறிய விமானத்தின் தலைமை விமானி பெறுவதினும் மிகுதியாதலும் உண்டு. 2023-இல் டெல்டா கம்பெனியின் விமானிகள் நான்காண்டுகளில் 30 விழுக்காட்டிற்கு மேற்பட்ட உயர்வுடன் புதிய ஒப்பந்தத்தை ஏற்றனர். ஏனைப் பெருங் கம்பெனிகளும் அவ்வழியே சென்றன. ஆதலின் அழைப்பு இனிமையானதே. ஆயினும் 65 வயதில் ஓய்வு பெறுதல் அந்நாட்டுச் சட்டம். அவர்க்கு எஞ்சியிருப்பன 23 ஆண்டுகள். அவற்றுள் முதற் சில ஆண்டுகள், தொலைபேசி மணி ஒலிக்குமோவென்று காத்திருக்கும் காத்திருப்புப் பணியிலும், பிறர் வேண்டாமென விடுத்த நள்ளிரவுப் பயணங்களிலும் கழியும். முப்பது வயதினர்க்கு இஃது எளிய விலை. ஐம்பது கடந்தவர்க்கோ, ஏணியில் ஏறி முடியுமுன் பொழுது சாய்ந்துவிடும். எம் கற்பனை நண்பர் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றார். அவர்தம் தொல்லையும் அதுவே.

விந்தை யாதெனின், இவ்வெண் எவ்வாண்டில் எங்கு நிற்குமென்று ஓரளவு முன்கூட்டியே கணித்தல் கூடும். மேலிருப்பார் ஒவ்வொருவரும் தம் 65-ஆம் பிறந்த நாளில் விலகியே தீர்வர். ஆதலின் அவர்தம் வயதைக் கூட்டிப் பார்த்து, 'பத்தாண்டில் இத்தனை பேர் குறைவர். யான் இவ்விடத்தே இருப்பேன்' என்று விமானிகள் கணக்கிடுகின்றனர். முதியோர் மிகுந்த கம்பெனி இளையோர்க்கு நற்கம்பெனி! கணக்கு மட்டும் எப்பொழுதும் பலித்தபாடில்லை. 1960 முதல் ஓய்வு வயது 60 ஆக இருந்தது. 2007 டிசம்பரில் அது 65 ஆக உயர்த்தப்பட்டது. மூத்தோர் மகிழ்ந்தனர், இளையோர் வரிசை ஏறக்குறைய ஐந்தாண்டு நகராது நின்றது. அதற்குமுன் 2001 செப்டம்பர் நிகழ்ச்சியை அடுத்து ஆயிரக்கணக்கானோர் வேலையினின்று நிறுத்தப்பட்டனர். சிறு கம்பெனியில் பெற்றிருந்த தலைமைப் பதவியைத் துறந்து, பெருங் கம்பெனியில் அப்பொழுதுதான் அடியெடுத்து வைத்தவர்களே முதலில் வெளியேறினர். மீண்டும் அழைக்கப்படப் பத்தாண்டு வரை காத்திருந்தாரும் உளர்.

இருப்பிடத்தைப் பற்றியும் ஒரு சொல். எண் தாழ்ந்தவர்க்கு விரும்பிய நகரம் கிடைப்பதில்லை. மனைமக்களை ஓரிடத்தில் விடுத்து, பல நூறு கல் தொலைவு விமானத்திலேயே பயணஞ் செய்து பணியிடம் சேர்வோர் பலர். 2009 பிப்ரவரி 12-இல் பஃபலோ நகரின் அருகே கோல்கன் கம்பெனியின் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன் துணை விமானி முந்திய இரவு நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் பறந்து வந்தே பணியேற்றவர். விமானம் வேகங் குறைந்ததென்ற எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாக வினையாற்றியதே விபத்துக்குக் காரணமென விசாரணைக் குழு முடிவு செய்தது. எனினும் இருவர் செயலையும் களைப்பு தாக்கியிருத்தல் கூடுமென்றும் கூறிற்று. கம்பெனி மாறுவோர் இந்நெடும் பயணத்தையும் தராசில் இட்டே நிறுத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் அசையாதிருத்தலே அறிவோவெனின், அதுவும் அன்று. எண்ணின் மதிப்பு கம்பெனி உள்ளளவே. ஈஸ்டர்ன் கம்பெனி 1991 ஜனவரியிலும், உலகமெங்கும் பெயர் பெற்ற பான் அமெரிக்கன் அவ்வாண்டு டிசம்பர் 4-இலும் மறைந்தன. அங்கே முதல் நூற்றுள் இருந்தவர் எண்ணும், கடைசி நூற்றுள் இருந்தவர் எண்ணும் ஒரே நாளில் வெறும் இலக்கமாயின. கம்பெனி பிழைத்தும் ஓய்வூதியம் பிழையாதுபோனதும் உண்டு: திவாலான யுனைட்டெட் கம்பெனி தன் ஓய்வூதியப் பொறுப்பை 2005-இல் அரசாங்கக் காப்பு நிறுவனத்தின்மேல் இறக்கிவிட, முப்பதாண்டு உழைத்தோர் பலர் வாக்களிக்கப்பட்டதினும் குறைவாகவே பெற்றனர். இரு கம்பெனிகள் இணையின் இரு பட்டியல்களையும் பின்னுதல் பெரும் பூசல். 2005-இல் யு.எஸ். ஏர்வேசும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. 2007-இல் நடுவர் பட்டியலைப் பின்னியபொழுது, முன்னதில் நெடுநாள் பணியாற்றியோர் பலர், பின்னதில் அண்மையிற் சேர்ந்தார்க்குக் கீழே வைக்கப்பட்டனர். அப்பிணக்கு பல்லாண்டு வழக்கு மன்றங்களில் நடந்தது. ஓரிடத்தும் பெயராது இருந்தும் வரிசையில் கீழே தள்ளப்படுதல் கூடுமென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டு நிலை சிறிது வேறு. இந்திய விமானக் கம்பெனிகள், பிறவிடத்தே பழகிய தலைமை விமானியைத் தலைமை விமானியாகவே ஏற்றுக்கொள்வதுண்டு. ஆதலின் ஈண்டுள்ள தடை வேறு வகையது. 2017-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அலுவலகம், விலக விரும்பும் தலைமை விமானி ஓராண்டுக்கு முன்னரும் துணை விமானி ஆறு திங்களுக்கு முன்னரும் அறிவித்தல் வேண்டுமென விதித்தது. விமானிகள் சங்கத்தார் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். 2023-இல் ஆகாசா கம்பெனியினின்று 43 விமானிகள் அறிவிப்புக் காலத்தைக் கழியாது விலகினரென்று கம்பெனியே வழக்குத் தொடுத்தது. 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸ் நின்றபொழுதோ, பல திங்கள் ஊதியம் பெறாத விமானிகள் பிற கம்பெனிகளின் வாயில்களில் நிற்க நேர்ந்தது. வாடிய மரத்தினின்று முன்னரே பறந்தவர் அப்பொழுது நல்லிடம் பெற்றிருந்தனர்.

பொருள்வயிற் பிரியக் கருதும் தலைவன், போவதா இருப்பதா எனத் தன் நெஞ்சோடு கிளத்தலை எம் வகுப்பில் பலகாற் படித்துள்ளோம். அவனுக்குப் பாலை நிலம் ஒரு வேனிலில் கடந்துவிடும். இவர்தம் பாலையோ ஐந்தாண்டோ எட்டாண்டோ நீள்வது. 'எனக்கு மேலுள்ளாரில் எத்தனை பேர் எவ்வாண்டில் விலகுவர்? இக் கம்பெனியின் கடன் எவ்வளவு? புது விமானங்கட்கு ஆணையிட்டுள்ளதா? என் மகள் பள்ளியிறுதி வகுப்பை முடிக்கும்வரை நான் எந்நகரில் இருப்பேன்?' இவ்வினாக்களை ஒரு தாளில் எழுதி, மனைவியும் தாமுமாய் இரவு விளக்கின்கீழ் அமர்ந்து கூட்டியும் கழித்தும் பார்க்கின்றனர். விடியுமுன் விமானி சீருடை அணிந்து புறப்பட வேண்டும். தாள் மேசைமேல் கிடக்கின்றது.