ஒரு வரிச் செய்திக்காக...

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் தங்கியிருந்து, பிள்ளையையும் கணவனையும் தேடி அலைந்த எம் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுள் பலரின் கைப்பையில் ஒரு பழைய கடிதம் இருக்கும். மடித்து மடித்து ஓரம் கிழிந்த தாள். சுகமாக இருக்கிறேன் என்ற ஒரு வரிதான். ஆனால் அதற்கு விலையேது?

அந்த ஒரு வரியின் பெறுமதியை உணர்ந்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி நாடகங்கள் எழுதிய ரோமெய்ன் ரோலண்ட் அவர். கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் 'சிவ நடனம்' நூல் 1922இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தபோது, அதை மொழிபெயர்த்தவர் ரோலண்டின் சகோதரி மதலேன். முன்னுரை எழுதியவர் ரோலண்ட்.

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் மூண்டபோது ரோலண்ட் சுவிற்சர்லாந்தில் இருந்தார். காணாமற் போனோரையும் கைதிகளையும் தேடுவதற்காகச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு ஜெனீவாவில் அம்மாதமே ஒரு நிலையத்தை அமைத்தது. ஒக்டோபர் முதல் மறு ஆண்டு ஜூலை வரை அவர் அங்கு தொண்டராகக் கடமையாற்றினார். அவருக்குக் கிடைத்தது பொதுமக்களுக்கான பிரிவு. நாடகம் எழுதிய கை, முகமறியாத குடும்பங்களுக்குக் கடிதம் எழுதியது.

அங்கு வேலை நடந்த விதம் எளிமையானது. தாயோ மனைவியோ விசாரித்தால், தேடப்படுபவரின் பெயரில் ஓர் அட்டை எழுதப்படும். கைதிகளின் பட்டியல் வந்தால் அதிலுள்ள பெயர்களுக்கும் அட்டை எழுதப்படும். இரண்டு அட்டைகளும் ஒன்றையொன்று சந்திக்கும்போது, ஒரு வீட்டுக்குச் செய்தி போகும். தொண்டர்களில் ஏராளமானோர் பெண்கள். அந்த ஆவணங்களை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

எதிரியை வெறுக்க மறுத்ததால் ரோலண்டைச் சொந்த நாட்டிலேயே துரோகி என்றார்கள். ஆயினும் 1915ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. அப்பணத்தை அவர் நற்பணிகளுக்கு வழங்கினார்.

எமது நாட்டிலும் 1989 முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பணியாற்றி வந்துள்ளது. பிரிந்த குடும்பங்களிடையே அது கொண்டுசென்ற திறந்த கடிதங்களில் குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். காணாமற் போனோரைத் தேடுவதற்கென 2016இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனாலும் பதில் கிடைக்காத தாய்மார் இன்னும் பலர். வடக்கில் மகனைத் தேடும் தாயும், போர்முனையில் காணாமற் போன சிப்பாயின் தாயும் அழுவது ஒரே அழுகைதான்.

சகோதரிகளே, உங்களிடமுள்ள கடிதத்தைப் பழைய தாள் என்று எறிந்துவிடாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பதிவுத் துண்டு, புகைப்படம் ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள். போட்டோக் கொப்பி எடுத்து நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுங்கள். கடைசியாகக் கண்ட நாளையும் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நினைவு மங்கலாம், எழுத்து மங்காது.

ஒரு பக்கத்து அட்டை உங்கள் கையில் இருக்கிறது. மற்ற அட்டையைத் தேடித் தருவது கேட்கப்படுபவர்களின் கடமை. கேட்பது உங்கள் உரிமை.