வேரடித் தண்ணீர்

வெங்காயத்தாமரையின் உப்பிய காம்பைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெறும் பஞ்சு, அத்தனையும் காற்றறைகள். ஏரிக்குத் தண்ணீர் சோதிக்க வரும் மாணவர்கள் முதலில் அதை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் குப்பியைத் திறப்பார்கள். அமேசான் படுகையின் செடி இது. ஊதாப்பூவின் அழகில் மயங்கி மனிதன்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனான். தோதான நீர் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகும்.

திறந்த நீரில் ஒரு குப்பி, செடி மெத்தைக்கு அடியில் ஒரு குப்பி. காற்றுக்குமிழி ஒன்றுகூடப் புகாமல் நிரப்ப வேண்டும். அதற்கே நாலைந்து முறை முயல வேண்டியிருக்கும். இரண்டிலும் மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சில துளிகள். முதல் குப்பியில் பழுப்பு வண்டல் இறங்குகிறது: நீரில் கரைந்த ஆக்சிஜன் மாங்கனீசைப் பிடித்துக்கொண்டது. ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தால் இரண்டாவதில் வண்டல் பால்போல வெள்ளையாகவே நிற்கும். ஹங்கேரிய வேதியியலாளர் வின்க்லர் 1888-இல் சொன்ன முறை, இன்றும் பழசாகவில்லை.

இவ்வளவு பச்சைக்குக் கீழேயா ஆக்சிஜன் இல்லை? இலைகள் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. அவை விடும் ஆக்சிஜன் காற்றோடு போய்விடுகிறது. கீழே பாசிக்கு வெயில் இல்லை, நீரைக் கலக்கக் காற்றில்லை. அழுகும் வேரும் இலையும் மிச்சத்தையும் தின்றுவிடுகின்றன.

அந்தச் சேற்றிலும் ஒரு ஜீவன் நெளியும்: ரத்தப்புழு. கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழு. அதன் சிவப்புக்குக் காரணம் நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின்தான். அரிதாகக் கிடைக்கும் ஆக்சிஜனை அதைக்கொண்டுதான் பிடித்துவைக்கிறது.

செடியைப் பொக்லைன் வைத்து வாரிக் கரையில் குவிக்கிறார்கள். செலவு நிஜம், பலன் ஒரு பருவத்துக்கு. சேற்றுக்குள் கிடக்கும் விதை 15 ஆண்டு கழித்தும் முளைக்கும் என்பது ஒருபுறம். செடிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஆகவே அடுத்த குப்பிகளை ஏரியில் நிரப்பிப் பயனில்லை. வரத்துக்கால்வாயோடு மேலேறி, சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுக்க வேண்டும். இரண்டிலும் அம்மோனியம் மாலிப்டேட்டும் வைட்டமின் சி-யும் சேர்க்க வேண்டும். பாஸ்பேட் கூடக்கூட நீலம் அடர்த்தியாகும். தீனி சாக்கடையிலிருந்துதான் என்றால், மேலே எடுத்தது வெளிர்வானமாகவும் கீழே எடுத்தது பேனா மையாகவும் இருக்கும்.