உங்களுக்குத் தெரியுமா? முட்டிச் சில்லு சொல்லும் சேதி

மூன்று மணி நேரப் படம் முடிந்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறதா? மாடிப்படி இறங்கும்போது முன்பக்கம் வலிக்கிறதா? முழங்காலை மடக்கும்போது சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. வலி பெரும்பாலும் அங்கிருந்துதான்.

நல்ல மருத்துவர் முதலில் எக்ஸ்ரேக்கு எழுத மாட்டார். "எங்கே வலி, தொட்டுக் காட்டுங்க" என்பார். உள்ளங்கையால் முட்டியையே பொத்திக் காட்டினால், சில்லுக்கு அடியில்தான் சிக்கல் என்று ஊகிப்பார்; பாதி உட்கார்ந்து எழச் சொல்வார், அதில் வலி கூடும். சில்லின் கீழ் விளிம்பை ஒரே விரலால் காட்டினால் தசைநார்ப் புண். வாலிபால், கூடைப்பந்து ஆடுபவர்களிடம் இது சகஜம். மண்டியிட்டு டைல்ஸ் பதிப்பவர்களுக்குச் சில்லின் மேலேயே நீர்ப்பை வீங்கும்.

ஓடியாடும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குச் சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் உச்சியில் வலியோடு ஒரு மேடு புடைக்கலாம். 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தது இது. பார்த்தால் பயமாக இருக்கும். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் தரும் பயிற்சியே சில்லு வலிக்கு முதல் வைத்தியம். தைலம் பிறகு.

பிள்ளை முட்டி வலி என்று நொண்டுகிறது, முட்டியிலோ ஒன்றும் தெரியவில்லை என்றால் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அங்கே எலும்பு நழுவினாலும் முட்டியில் வலிக்கலாம், தாமதிக்கக் கூடாது.