நட்சத்திரம் மறையும் சில நொடிகள்: உங்கள் கம்ப்யூட்டரில் வானம் அளக்கலாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் அதில் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், பிறகு இமெயில் அனுப்புவார்கள். திருப்பூர் போன்ற ஊரில் என்றால் பனியன் கம்பெனியின் பில், கூலிக் கணக்கு எல்லாம் அதில்தான். இதே கம்ப்யூட்டரைக் கொண்டு பல நூறு கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றும் ஒரு பாறையின் நீளத்தையும் அளக்க முடியும் என்றால் நம்புவீர்களா? உலகின் பல நாடுகளில் அமெச்சூர் வானியலாளர்கள் இதைச் செய்து வருகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

மறைப்பு என்றால் என்ன?

ரோட்டின் எதிர்ப்புறக் கடையில் ஒரு பல்பு எரிகிறது. நடுவே ஒரு லாரி போகிறது. பல்பு சில நொடிகள் மறைந்து மீண்டும் தெரிகிறது. லாரியின் வேகமும், பல்பு மறைந்திருந்த நேரமும் தெரிந்தால் லாரியின் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். இங்கே பல்புதான் நட்சத்திரம். லாரிதான் புளூட்டோ போன்ற தொலைதூரப் பொருள்.

இந்தப் பொருட்கள் பெரிய டெலஸ்கோப்பிலும் வெறும் புள்ளியாகவே தெரியும். ஆனால் அவை ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது, அவற்றின் நிழல் ஏறத்தாழ அதே அளவில் பூமியின் மீது விழுந்து ஓடுகிறது. நொடிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நிழலில் உங்கள் ஊர் 10 நொடிகள் இருந்தால், அந்தப் பொருள் அந்த இடத்தில் 250 கிலோமீட்டர் அகலம் என்று அர்த்தம்.

இன்னொரு தகவலும் கிடைக்கும். நட்சத்திரம் சுவிட்ச் போட்டது போல் சட்டென்று அணைந்தால் அந்தப் பொருளில் காற்று இல்லை எனலாம். மெதுவாக மங்கினால் காற்று மண்டலம் இருக்கிறது. புளூட்டோவில் காற்று இருப்பது 1988ல் இப்படித்தான் உறுதியானது. 2020 ஜூன் 6 அன்று புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, நைனிடால் அருகே தேவஸ்தலில் உள்ள டெலஸ்கோப்புகள் அதைப் பதிவு செய்தன. புளூட்டோவின் காற்றழுத்தம் நம் கடல் மட்டக் காற்றழுத்தத்தில் 80 ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள்.

காவலூரில் நடந்தது

இந்தக் கலையில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் எஸ்.ஏ.ஓ. 158687 என்ற நட்சத்திரத்தை மறைக்கும் என்று கணிக்கப்பட்டிருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரின் 1 மீட்டர் டெலஸ்கோப் மூலம் அதைக் கவனித்தார்கள். எதிர்பாராத நேரத்தில் நட்சத்திர ஒளி சில நொடிகள் குறைந்தது. யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்றாக இருக்கலாம் என்று எழுதி, "நேச்சர்" இதழில் வெளியிட்டார்கள்.

அதே நேரம் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் எலியட்டின் குழு, டெலஸ்கோப் பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்துகொண்டிருந்தது. அந்த டெலஸ்கோப் காவலூரில் இருந்ததைவிடச் சற்றுச் சிறியதுதான். ஆனால் கிரகம் மறைப்பதற்கு வெகு முன்பே பதிவைத் தொடங்கி, மறைத்து முடிந்த பின்னும் அவர்கள் தொடர்ந்தார்கள். முன்னால் சில முறை ஒளி குறைந்தது. பின்னாலும் அதே போல் குறைந்தது. இரு பக்கமும் ஒரே மாதிரி வந்ததால், அவை துணைக்கோள்கள் அல்ல, வளையங்கள் என்று தெரிந்தது. 1986ல் வாயேஜர் 2 விண்கலம் அருகில் சென்று அவற்றைப் படம் எடுத்தது. இன்று யுரேனஸுக்கு 13 வளையங்கள் என்று அறிகிறோம்.

காவலூரில் பதிவானதும் உண்மையான ஒளிக் குறைவுதான். ஆனால் ஓர் இடத்தில் நிற்பவருக்கு ஒரு கோடுதான் கிடைக்கும். ஒரே ஒரு நூலைப் பார்த்து, அது கோடு போட்ட துணியா, கட்டம் போட்ட துணியா என்று சொல்ல முடியுமா? பல நூல்கள் சேர்ந்தால்தான் டிசைன் தெரியும். அமெச்சூர்கள் தேவைப்படுவது இதற்காகத்தான்.

2017 ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவில் 24 சிறிய டெலஸ்கோப்புகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஐந்தில் மட்டுமே நட்சத்திரம் மறைந்தது. அந்த ஐந்து கோடுகளை வைத்தே, அரோகோத் என்ற பொருள் இரண்டு உருண்டைகள் ஒட்டியது போல் இருக்கும் என்று கணித்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே சென்றது. கணிப்பு சரியாக இருந்தது.

உங்களுக்குத் தேவையான புரோகிராம்கள்

இவை எல்லாமே இலவசம். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும்.

1. ஸ்டெல்லேரியம்: உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் அப்போதைய வானத்தைத் திரையில் காட்டும். புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

2. அக்கல்ட் வாட்சர்: இதில் உங்கள் இருப்பிடத்தை அமைத்திடுங்கள். திருப்பூர் என்றால் அட்சரேகை வடக்கு 11.11, தீர்க்கரேகை கிழக்கு 77.34. உங்கள் ஊர் அருகே வரப்போகும் நிழல்களைப் பட்டியலிடும். மற்றவர்கள் எங்கே நின்று பார்க்கப் போகிறார்கள் என்பதையும் காட்டும். யாரும் இல்லாத இடைவெளியில் நீங்கள் நிற்கலாம்.

3. டாங்க்ரா: நீங்கள் எடுத்த வீடியோவில் நட்சத்திர ஒளியை ஃபிரேம் ஃபிரேமாக அளந்து வரைபடம் தரும்.

கடிகாரத்தில் கவனம்

விண்டோஸ் காட்டும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது ஒரு நொடி தவறினால் உங்கள் கோடு 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் ஜி.பி.எஸ். நேரத்தை வீடியோவிலேயே பதிவு செய்கிறார்கள்.

புளூட்டோ போன்றவை மறைக்கும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் மங்கலானவை. எனவே எடுத்தவுடன் அவற்றை முயற்சிக்க வேண்டாம். முதலில் சந்திரன் நட்சத்திரத்தை மறைப்பதைப் பாருங்கள். இதற்கு பைனாகுலரே போதும். அடுத்து டெலஸ்கோப், கேமராவுடன் சிறுகோள் மறைப்புகளுக்குச் செல்லலாம். நகர வெளிச்சம் இல்லாத மொட்டை மாடியோ தோட்டமோ நல்லது.

அவிநாசி, திருப்பூர், பல்லடம், உடுமலை ஆகிய ஊர்கள் வடக்கிலிருந்து தெற்காக சுமார் 65 கிலோமீட்டருக்குள் வருகின்றன. கிழக்கு மேற்காக ஓடும் ஒரு நிழலுக்கு, நான்கு ஊர்களில் நான்கு நண்பர்கள் நின்றால் நான்கு கோடுகள் கிடைக்கும். உங்கள் ஊரில் நட்சத்திரம் மறையவே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். நிழல் அங்கே வரவில்லை என்பதும் ஒரு தகவல்தான். அந்தப் பொருளின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அதுதான் சொல்லும். எனவே மறையவில்லை என்ற முடிவையும் தவறாமல் அனுப்பிடுங்கள்.

இன்றே ஸ்டெல்லேரியத்தை இன்ஸ்டால் செய்து, இன்றிரவு சந்திரன் எந்த நட்சத்திரத்தின் அருகில் இருக்கிறது என்று பாருங்களேன்!