பதினான்கு பைட்டில் ஓர் அலாரம்

சிலிக்கான் சில்லு ஆலையில் ஓர் உலை அளவுக்கு மீறிச் சூடாகிறது. உடனே ஆலையின் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. தலைப்புப் பகுதி போக, செய்தியின் உடல் இப்படி இருக்கலாம், பதினாறு நிலை எண்முறையில்:

01 03 21 01 82 65 01 07 41 04 48 45 41 54

இதைப் படிக்கும் விதி, குறைகடத்தித் தொழிலின் உலக அமைப்பான ‘செமி’ வகுத்த எஸ்.இ.சி.எஸ்-2 தரநிலையில் இருக்கிறது. எந்தத் தகவலானாலும் முதலில் அதன் வகை, அடுத்து நீளம், பிறகே மதிப்பு. 01 03 என்றால் மூன்று உறுப்புள்ள பட்டியல். 21 01 என்றால் ஒரு பைட் இருநிலைத் தகவல், மதிப்பு 82. 65 01 என்றால் ஒரு பைட் முழு எண், மதிப்பு 7. 41 04 என்றால் நான்கு எழுத்துகள்: எச், இ, ஏ, டி. அதாவது ‘ஹீட்’.

41 இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். முதல் 41 ‘இனி எழுத்துகள்’ என்று அறிவிக்கிறது. இரண்டாவது 41, ‘ஏ’ என்ற எழுத்தேதான். இடத்தை வைத்துத்தான் பொருள். எண்ணும்போது ஒரு பைட் தவறினால் மிச்சம் முழுவதும் குழம்பிவிடும்.

இந்தச் சிரமத்தைத் தீர்ப்பது எஸ்.எம்.எல். என்ற குறிமொழி. ஆங்கில எழுத்துகளில் அமையும் அதன் வடிவத்தைத் தமிழில் ஒலிபெயர்த்தால்:

எஸ்5எஃப்1
<எல் [3]
  <பி 0எக்ஸ்82>
  <ஐ1 7>
  <ஏ "ஹீட்">
>.

முதல் வரி தலைப்புப் பகுதியில் இருந்து வருகிறது: ஐந்தாம் ஸ்ட்ரீம் (செய்திப் பிரிவு), முதல் ஃபங்ஷன் (அப்பிரிவில் ஒரு செய்தி), அதாவது அலாரம் அறிவிப்பு. ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் வகைக்குறி நிற்பதுதான் இதன் பலம். வெறுமனே 7 என்று அச்சிட்டிருந்தால் அது எண்ணா, எழுத்தா என்பது தொலைந்திருக்கும். வகை தங்கியிருப்பதால் லாக்கில் கிடைத்த உரையை மீண்டும் பைட்டுகளாக்கி, சோதனைக் கணினியிலிருந்து அனுப்பிப் பார்க்கலாம்.

ஆனால் படிக்க முடிவதாலேயே புரிந்துவிடாது. 82இன் முதல் பிட் 1 என்பதால் அலாரம் எழுந்திருக்கிறது. 02 வந்தால் அதே அலாரம் அடங்கிவிட்டது. அதைச் சொல்வது தரநிலை. ஏழாம் எண் எந்த அலாரம் என்பதைச் சொல்வது இயந்திரத்தின் கையேடு.

ஆகவே உற்பத்தியாளர்கள் அலாரம் பட்டியலை முழுமையாகத் தர வேண்டும். மென்பொருள் எழுதுவோர் அந்தப் பட்டியலில் உள்ள அலாரத்தின் பெயரை எண்ணின் பக்கத்திலேயே காட்ட வேண்டும். எண்ணை மறைத்துப் பெயரை மட்டும் காட்டுவதும் கூடாது. பட்டியலே தவறாக இருந்தால், இயந்திரம் உண்மையில் என்ன சொன்னது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.