சாலை நடுவே நிற்பவர் யாருக்காக நிற்கிறார்?

சென்னை அண்ணா சாலையில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். அவற்றுக்கு நடுவே வெள்ளைச் சட்டை அணிந்த காவலர் ஒருவர் கையை நீட்டி நிற்பார். அவரைக் கண்டதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது என்ன? "பிடித்துவிடுவாரோ" என்ற அச்சம்தான். அவர் யாருக்காக நிற்கிறார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்: 64,105 விபத்துகள்! கல்வியிலே முன்னணி, தொழிலிலே முன்னணி என்று பெருமை பேசும் நாம், இந்த முதலிடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாண்டவர்கள் யார்? நாடு முழுவதும் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 19 பேர் நடந்து சென்றவர்கள். கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் ஷிப்டுக்கு ஓடுகிறவர், கூடையோடு சாலையைக் கடக்கிற தாய், சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளை, இவர்களே சாலையில் முதலில் அடிபடுகிறவர்கள். ஆகவே சாலைப் பாதுகாப்பு என்பது கார்க்காரர்களின் கவலை அல்ல. உழைக்கும் மக்களின் உயிர்ப் பிரச்சினை.

நகரப் போக்குவரத்துக் காவல் பிரிவின் வேலை சிக்னலில் நிற்பதோடும் அபராதம் போடுவதோடும் முடிந்துவிடுவதில்லை. எந்தச் சாலையில் எந்த நேரத்தில் சரக்கு லாரி வரலாம், எந்தத் தெருவை ஒருவழிப் பாதையாக்க வேண்டும், ஊர்வலம் போகும் நாளில் பஸ்களை எப்படித் திருப்பிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. விபத்து நடந்தால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவினர் அந்த இடத்துக்கு வருகிறார்கள். டயர் இழுபட்ட தடத்தை அளக்கிறார்கள், வரைபடம் எடுக்கிறார்கள், கண்டவர்களிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள். குடும்பத் தலைவனை இழந்த ஒரு பெண் நட்டஈடு கேட்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் படி ஏறும்போது, அவள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அந்தக் காகிதங்கள்தான். அவை ஒழுங்காக எழுதப்படாவிட்டால் நட்டம் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமோ?

அதே விவரங்கள் சேரும்போது இன்னொரு உண்மையும் வெளிப்படுகிறது. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் 10 பேர் மாண்டால், அதனை விபத்துப் பகுதி என்று குறிக்க வேண்டும் என்பது விதி. அங்கே விளக்கு இல்லையா, வளைவு தவறா, மக்கள் கடக்க வழி இல்லையா என்று ஆராய்ந்து திருத்த வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உயிர் போனால் அது விதியின் விளையாட்டு அல்ல, சாலையின் குற்றம்!

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடி கவனம் தவறினால், அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். ஹெல்மெட் அணியாமல் 2022-இல் இந்தியாவில் மாண்டவர்கள் 50,029 பேர். இந்த எண்ணிக்கையைத் தெரிந்து வைத்திருப்பவர் வண்டியை மறித்து "ஹெல்மெட் எங்கே?" என்று கேட்டால், அது தொல்லையா, தொண்டா?

"கையூட்டு வாங்கும் காவலர் இல்லையா? ஏழையின் ஸ்கூட்டரை மறித்துவிட்டுப் பெரிய மனிதரின் காருக்கு சலாம் போடுபவர் இல்லையா?" என்று தோழர்கள் கேட்கலாம். அப்படி நடந்தால் கண்டிக்க வேண்டியதுதான், நாமும் கண்டிக்கிறோம். அபராதத்தைப் பணமாகக் கையில் வாங்காத முறை சென்னையில் 2018-இல் வந்ததும் இதனால்தான். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு சிலரின் குற்றத்தைக் காட்டி, வெயிலிலும் புகையிலும் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளியைப் பழிப்பது நியாயம் ஆகாது. ஆம், அவரும் தொழிலாளிதான்!

ஊருக்குச் சொல்லும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், கட்சிக்காரர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம்பெண் மீது விழுந்தது. அவர் நிலைதடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது, உயிர் போயிற்று. பேனர் வேண்டாம் என்று அதன்பின் கட்சிகள் அறிவித்தன. அறிவித்தது போதுமா? இன்றைக்கும் மாநாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக, தலையிலே கொடித்துணி மட்டும் கட்டிக்கொண்டு பறக்கிற தம்பிகளை நாம் பார்க்கவில்லையா? அவர்களைத் தடுக்க வேண்டியவர் காவலர் மட்டும்தானா? வட்டச் செயலாளருக்கும் கிளைச் செயலாளருக்கும் அந்தக் கடமை இல்லையா?

இன்னொன்று. அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் "கேஸ் வரும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும்" என்று ஒதுங்கிப் போகாதீர்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சியாகும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134அ பிரிவின்படி வந்த விதிகள் சொல்கின்றன. 108-க்குச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது: நடப்பவனுக்கு நடைபாதை வேண்டும், முதியவரும் கடந்து முடிக்கும் அளவுக்குச் சிக்னலில் நேரம் வேண்டும், காவலருக்கு நிழலும் ஓய்வும் வேண்டும். தோழர்களிடம் நாம் கேட்பது அதைவிடச் சிறியது. ஹெல்மெட் அணியுங்கள், சிவப்பு விளக்கில் நில்லுங்கள், சாலையில் கம்பம் நடாதீர்கள். கூட்டத்துக்கு வந்த தொண்டன் முழுதாக வீடு திரும்ப வேண்டும். வாசலில் அவனுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அது ஒன்றுதான்.